ஆதார் போட்டோவ அபார்ட்மென்ட் குரூப்ல போட்டுட்டேன், இப்ப என்ன பண்றது?

இந்த வாரம் வந்ததுல ஒரு கடிதம் நாலு பக்கம். மூணு பிரச்சினைய ஒண்ணா முடிச்சு போட்டு எழுதியிருக்காங்க, அதனால முதல்ல சுருக்கமா சொல்லிடறேன். அடையாளம் தெரியக்கூடாதுனு சில விவரத்த மாத்தியிருக்கேன்.

எழுதினவங்க கோயம்புத்தூர்ல வாடகைக்கு இருக்கற ஒரு சகோதரி. வயசு 36, ஒரு கம்பெனில அக்கவுன்ட்ஸ் பாக்கறாங்க. அறுபது வீடு இருக்கற அபார்ட்மென்ட். புதுசா வந்த செக்ரட்டரி "எல்லாரும் ஆதார் முன்பக்கம் பின்பக்கம் போட்டோ எடுத்து குரூப்ல போடுங்க, போடாதவங்க பேர் கேட் ஆப்ல ஏறாது"னு மெசேஜ் போட்டிருக்கார் (கேட் ஆப்னா வாசல்ல உள்ள வர்றவங்கள பதியற ஆப்). ஆபீஸ் கிளம்பற அவசரத்துல இவங்க தன்னோடதையும் வீட்டுக்காரரோடதையும் போட்டுட்டாங்க. ரெண்டு வாரம் கழிச்சு ஒரு போன், "உங்க பேர்ல எடுத்த லோன் பாக்கி 8,400 ரூபாய், இன்னிக்கே கட்டணும்"னு. இவங்க எந்த லோனும் எடுக்கல. ஆனா பேசினவன் இவங்க பேர், பிறந்த தேதி, பான் நம்பர் எல்லாத்தையும் சரியா சொல்லியிருக்கான். குரூப்ல போட்டதாலதான் இப்படி ஆச்சுனு ராத்திரி தூக்கம் இல்ல.

இதுக்கு நடுவுல கிராமத்துல இருக்கற அம்மா விஷயம். 67 வயசு. தெருவுக்கு மிஷின் எடுத்துட்டு வர்ற ஆள்கிட்ட கைரேகை வச்சு முதியோர் பணம் எடுக்கறவங்க. அஞ்சு மாசத்துக்கு முன்னாடி ஒரு நாள் "ரேகை விழல பாட்டி, இன்னொரு வாட்டி வைங்க"னு ரெண்டு மூணு தடவ வைக்க வச்சிருக்கான், கைல குடுத்தது 1,000. போன வாரம் பாஸ்புக் என்ட்ரி போட்டப்பதான் அன்னிக்கு தேதிலயே இன்னொரு 3,000 போயிருக்கறது தெரிஞ்சிருக்கு. எஸ்எம்எஸ் எல்லாம் அண்ணனோட பழைய நம்பருக்கு போகுது, அந்த நம்பர் இப்ப யூஸ்ல இல்ல.

கேள்விகள்: ஆதார கேன்சல் பண்ணிட்டு புது நம்பர் வாங்க முடியுமா? அசோசியேஷன் மேல கேஸ் போடலாமா? சுப்ரீம் கோர்ட்தான் ஆதார் கேக்கக்கூடாதுனு சொல்லிடுச்சே, அப்புறம் எப்படி கேக்கறாங்க? கடைசியா, "நாம என்ன தப்பு பண்றோம் மறைக்கறதுக்கு, எல்லாருக்கும்தான் ஆதார் இருக்கு"னு சொல்ற வீட்டுக்காரருக்கு என்ன பதில் சொல்றது?

சகோதரி, நீங்க கேட்ட வரிசைல நான் பதில் சொல்லப் போறதில்ல. உங்க கடிதத்துல அம்மா விஷயம் கடைசி பக்கத்துல எட்டு வரில இருக்கு, ஆனா நாள் ஓடிட்டிருக்கறது அதுக்குத்தான், அதனால அங்கிருந்தே ஆரம்பிக்கறேன்.

முதல்ல அம்மாவோட 3,000

அம்மா பணம் எடுக்கற முறைக்கு ஏஇபிஎஸ்னு பேர். இதுல பணம் எடுக்க மூணே விஷயம் போதும்: எந்த பேங்க், ஆதார் நம்பர், கைரேகை. பின் நம்பர் கிடையாது, ஓடிபி கிடையாது. படிக்காதவங்களும் பணம் எடுக்கணும்னு நல்ல எண்ணத்துல செஞ்ச ஏற்பாடுதான், ஆனா அந்த மிஷின் ஸ்க்ரீன்ல என்ன தொகை அடிச்சிருக்குனு விரல் வைக்கறவங்களுக்கு தெரியாது, அங்கதான் பிரச்சினை. "ரேகை விழல"னு சொல்றப்ப முதல் தடவையே விழுந்திருக்கும், ரெண்டாவது தடவ வச்சது ரெண்டாவது எடுப்புக்கு. இந்த மாதிரி கதைய நான் நிறைய கேட்டிருக்கேன். எல்லா இடத்துலயும் அதே வசனம்தான்.

இத நிரூபிக்க ஒரு வழி இருக்கு. ஆதார வச்சு எங்க எப்ப சரிபார்த்தாலும் அது யுஐடிஏஐ கிட்ட, அதாவது ஆதார் குடுக்கற அரசு அமைப்புகிட்ட, பதிவாகுது. அவங்களோட மைஆதார் தளத்துல ஆதென்டிகேஷன் ஹிஸ்டரினு இருக்கும், அதுல தேதி, நேரம், கைரேகையா ஓடிபியா, எந்த நிறுவனம் மூலமா, வெற்றியா தோல்வியா எல்லாம் வரும். "விழல"னு சொன்ன அந்த நேரத்துல ரெண்டு நிமிஷ இடைவெளில ரெண்டு வெற்றி காட்டினா அதவிட நல்ல சாட்சி வேற இல்ல. ஆனா அதுல ஆறு மாசம் வரைக்கும்தான் பார்க்க முடியும். உங்களுக்கு அஞ்சு மாசம் முடிஞ்சாச்சு. இப்ப புரியுதா ஏன் இத முதல்ல எடுத்தேன்னு?

அத பாக்க ஓடிபி வரணும், ஓடிபி அண்ணனோட செத்துப்போன நம்பருக்குத்தான் போகும். அதனால இந்த வாரமே அம்மாவோட ஆதார்ல மொபைல் நம்பர மாத்துங்க. ஆதார் சேவை மையத்துக்கு அம்மாவ அலைய வைக்க முடியலனா போஸ்ட் ஆபீஸ்ல கேளுங்க, தபால்காரரே வீட்டுக்கு வந்து மொபைல் நம்பர் மாத்தித் தர்ற சேவை இருக்கு. இதுக்குனு எந்த டாக்குமென்ட்டும் வேண்டாம், அம்மாவும் அவங்க கைரேகையும் போதும். இன்னொண்ணு, ஆதார்ல நம்பர் மாத்தினா பேங்க்லயும் தானா மாறிடும்னு நிறைய பேர் நினைக்கறாங்க, மாறாது. பேங்க்ல தனியா எழுதிக் குடுத்து மாத்தணும், அப்பதான் பணம் போற எஸ்எம்எஸ் அம்மாவுக்கு வரும்.

பேங்க்ல போயி வாயால சொல்லிட்டு வராதீங்க. எழுதிக் குடுத்து, நகல்ல சீல் வாங்குங்க. தேதி, தொகை, ஸ்லிப் குடுக்கலங்கறது, அந்த ரெண்டாவது எடுப்போட டிரான்சாக்ஷன் நம்பரும் மிஷின் விவரமும் வேணும்ங்கறது, இவ்வளவு இருந்தா போதும். மேனேஜர் அநேகமா "அந்த ஆள் எங்க ஸ்டாஃப் இல்லம்மா"ம்பார். ஸ்டாஃப் இல்லதான். ஆனா ஒரு பேங்கோட ஏஜென்ட் செய்யற செயலுக்கு அந்த பேங்க்தான் பொறுப்புனு ரிசர்வ் வங்கி விதி தெளிவா இருக்கு. அவன் வேற பேங்கோட ஏஜென்ட்டா இருந்தாலும் பரவால்ல, கணக்கு வச்சிருக்கற பேங்க்லதான் புகார் குடுக்கணும், மிச்சத்த அவங்க பாத்துக்கணும்.

2017 ஜூலைல ரிசர்வ் வங்கி போட்ட சர்க்குலர் ஒண்ணு இருக்கு. உங்க தப்பும் இல்லாம பேங்க் தப்பும் இல்லாம நடுவுல யாரோ பணம் எடுத்தா, தகவல் வந்து மூணு வேலை நாளுக்குள்ள சொன்னா உங்களுக்கு ஒரு பைசா நஷ்டம் வரக்கூடாது, நாலுல இருந்து ஏழு நாள்னா ஒரு அளவு வரைக்கும் நஷ்டம் உங்களோடது, அதுக்கு மேலனா அந்தந்த பேங்க் பாலிசி. உங்க கேஸ்ல தகவல் எப்ப வந்துச்சுங்கறதுதான் சண்டையே. அம்மாவுக்கு எஸ்எம்எஸ்ஸே வரல, பாஸ்புக் போட்ட அன்னிக்குத்தான் தெரியும்னு நாம சொல்வோம், நம்பர மாத்தாம வச்சிருந்தது உங்க தப்புனு அவங்க சொல்வாங்க. கண்டிப்பா ஜெயிக்கும்னு நான் வாக்கு குடுக்க மாட்டேன், ஆனா தப்பு வாடிக்கையாளரோடதுனு நிரூபிக்க வேண்டியது பேங்க்தான்னு அதே சர்க்குலர்ல இருக்கு, அது நமக்கு பலம். போன வாரம்தான் பாஸ்புக் போட்டீங்கனு எழுதியிருக்கீங்க, அப்ப இந்தப் பதில படிச்சதும் கிளம்புங்க. முப்பது நாள்ல பேங்க் சரியான பதில் தரலனா பேங்க் மேல வர்ற புகார விசாரிக்கற ரிசர்வ் வங்கி ஆம்புட்ஸ்மன்கிட்ட போலாம், வக்கீல் வேண்டாம், ஃபீஸ் கிடையாது. (என் தொழிலுக்கு நானே ஆப்பு வச்சுக்கறேன், பரவால்ல.)

அந்த லோன் கால்

இங்க உங்க கணக்கு தப்பு. அக்கவுன்ட்ஸ் பாக்கறவங்ககிட்ட இப்படி சொல்றதுக்கு மன்னிக்கணும். குரூப்ல நீங்க போட்டது ஆதார் மட்டும்தான்னு நீங்களே எழுதியிருக்கீங்க. ஆதார்ல பான் நம்பர் எங்க இருக்கு? பேசினவன் பான் சொல்றான்னா, ஆதாரும் பானும் சேர்ந்தே இருந்த ஏதோ ஒரு இடத்துல இருந்து போயிருக்கு. உங்க கடிதத்துலயே மூணாம் பக்கத்துல ஒரு வரி இருக்கு, குழந்தை ஸ்கூல் அட்மிஷனுக்காக எல்லாருடைய ஆதார், பான் பிடிஎஃப்பையும் பிரவுசிங் சென்டர்காரருக்கு வாட்ஸப்ல அனுப்பி பிரின்ட் எடுத்தேன்னு. எனக்கு சந்தேகம் அங்கதான்.

ஒரு தடவ கோர்ட் பக்கத்துல அவசரமா ஒரு அஃபிடவிட் பிரின்ட் எடுக்க இப்படி ஒரு கடைக்குள்ள போனேன். கடைக்காரர் டவுன்லோட் ஃபோல்டர திறந்தார். ஸ்க்ரீன் முழுக்க மத்தவங்க ஆதார், பான், ரேஷன் கார்டு, ஒருத்தரோட ஸ்கேன் ரிப்போர்ட் வரைக்கும், வருஷக்கணக்கா அழிக்காம கிடக்கு. அவர் கெட்டவர் இல்ல, அழிக்கணும்னே அவருக்கு தோணல. யார் வேணா ஒரு பென் டிரைவ்ல அள்ளிட்டு போலாம். பாஸ்வேர்ட் இருக்கேம்பீங்க. இ-ஆதார் பாஸ்வேர்ட் என்ன? பேர்ல முதல் நாலு எழுத்து, அப்புறம் பிறந்த வருஷம். ஃபைல் பேர்லயே பாதி பாஸ்வேர்ட் இருக்கும், மீதி பக்கத்துல கிடக்கற பான் கார்ட்ல இருக்கும்.

இப்ப செய்ய வேண்டியது. அந்த 8,400 ரூபாய தயவு செஞ்சு கட்டிடாதீங்க. "தொலையட்டும்னு கட்டிட்டா விட்டுருவாங்க"னு எழுதியிருக்கீங்க, விடமாட்டாங்க, கடன் உங்களோடதுதான்னு நீங்களே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும், அடுத்த மாசம் இன்னொரு கால் வரும். முதல்ல அப்படி ஒரு லோன் நெஜமாவே இருக்கானு பாக்கணும், ஏன்னா விவரம் மட்டும் கைல வச்சுக்கிட்டு சும்மா மிரட்டற கூட்டமும் உண்டு. சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹைமார்க்னு யார் பேர்ல என்ன கடன் இருக்குனு பதிவு வைக்கற நாலு கம்பெனி இருக்கு, ஒவ்வொண்ணும் வருஷத்துக்கு ஒரு முழு கிரெடிட் ரிப்போர்ட் இலவசமா தரணும். நாலுலயும் எடுங்க. அந்த லோன் எதுலயும் இல்லனா, எந்த கம்பெனினு கேளுங்க, அந்த ஆப் ரிசர்வ் வங்கி வெளியிட்டிருக்கற டிஜிட்டல் லோன் ஆப் பட்டியல்ல இருக்கானு பாருங்க, ரெண்டுலயும் இல்லனா அது வெறும் மிரட்டலாத்தான் இருக்கும், நம்பர பிளாக் பண்றதுக்கு முன்னாடி கால் லாக்க ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வச்சுக்கோங்க.

ரிப்போர்ட்ல இருந்துச்சுனா, அந்த லோன் குடுத்தவங்களுக்கு மெயில் போட்டு ஒரே ஒரு கேள்வி கேளுங்க: பணம் எந்த அக்கவுன்ட்டுக்கு போச்சு? ஆப் மூலமா குடுக்கற கடன் நேரா கடன் வாங்கறவங்க பேங்க் கணக்குக்குத்தான் போகணும்னு 2022ல இருந்தே விதி. உங்க கணக்குக்கு வரலனா அவங்க வாய் அங்கயே அடைச்சிடும். கூடவே கிரெடிட் கம்பெனில டிஸ்பியூட் போடுங்க, முப்பது நாள்ல சரி பண்ணலனா அதுக்கு மேல ஒவ்வொரு நாளுக்கும் நூறு ரூபாய் உங்களுக்கு குடுக்கணும். சைபர் மோசடி புகாருக்கான 1930 நம்பருக்கு போன் பண்ணியோ சைபர் க்ரைம் போர்ட்டல்லயோ புகார் பதிஞ்சு அந்த நம்பர மெயில்ல சேர்த்துடுங்க. ராத்திரி ஒன்பது மணிக்கு கூப்பிட்டு திட்டினான்னு எழுதியிருக்கீங்க, ரெக்கவரி ஆளுங்க காலைல எட்டுக்கு முன்னாடியும் சாயங்காலம் ஏழுக்கு அப்புறமும் கூப்பிடக்கூடாது, அதையும் புகார்ல எழுதுங்க. அப்படியே சஞ்சார் சாத்திங்கற அரசு தளத்துல உங்க பேர்ல எத்தன சிம் இருக்குனு ஒரு தடவ பாத்துடுங்க, தெரியாத நம்பர் இருந்தா அங்கயே "என்னோடது இல்ல"னு குடுக்கலாம்.

செக்ரட்டரி விஷயம்

லோனுக்கு குரூப் காரணம் இல்லனு சொன்னதால அவர் செஞ்சது சரினு ஆயிடாது. ஆதார் சட்டத்துல 2019ல ஒரு திருத்தம் வந்துச்சு, 8ஏ பிரிவு. ஆன்லைன்ல போகாம ஆதார வச்சு ஒருத்தர சரிபார்க்கற யாரும் அந்த நம்பர வாங்கி சேமிச்சு வைக்கக்கூடாது, வேற எந்த அடையாளம் குடுத்தாலும் ஆகும்னு முன்கூட்டியே சொல்லணும். அதாவது பார்க்கலாம், சரியானு உறுதி பண்ணிக்கலாம், திருப்பிக் குடுத்துடணும், ஜெராக்ஸ் எடுத்து கட்டி வைக்கறதுக்கு அனுமதி இல்ல. நம்ம ஊர்ல நடக்கறது நேர் எதிர், யாரும் ஆதார்ல இருக்கற கியூஆர் கோட ஸ்கேன் பண்ணி சரிபார்க்கறதே இல்ல, ஆனா ஜெராக்ஸ் மட்டும் எல்லாருக்கும் வேணும்.

கேஸ் போடலாமானு கேட்டீங்க. 29ஆவது பிரிவுல ஆதார் நம்பரையும் போட்டோவையும் பொதுவுல வெளியிடக்கூடாதுனு இருக்கு. ஆனா அறுபது வீட்டு வாட்ஸப் குரூப் "பொதுவு"ல சேருமாங்கறதுல ரெண்டு பக்கமும் வாதாடலாம், போட்டது நீங்களேதாங்கறது உங்களுக்கு எதிரா நிக்கும். அதுவும் இல்லாம தினமும் லிஃப்ட்ல மூஞ்சில முழிக்கணும். "250 கோடி அபராதம்"னு ஒரு ஃபார்வர்டு அனுப்பியிருந்தீங்க, அது 2023ல வந்த டேட்டா பாதுகாப்பு சட்டம். ரூல்ஸ் 2025 நவம்பர்லதான் வந்துச்சு, முக்கியமான கடமைகள் எல்லாம் அதுல இருந்து பதினெட்டு மாசம் கழிச்சு, அதாவது 2027 மேல இருந்துதான் நடைமுறைக்கு வருது. 250 கோடிங்கறதும் அதிகபட்ச வரம்புதான். அத காட்டி மிரட்டினா அவர் சிரிச்சுடுவார்.

நான் உங்க இடத்துல இருந்தா அவருக்கு தனியா, மரியாதையா ஒரு மெசேஜ் போடுவேன். "சார், குரூப்ல எல்லார் ஆதாரும் கிடக்கு, நாளைக்கு யார் பேர்லயாவது ஏதாவது நடந்தா அட்மின்னு உங்கள கேப்பாங்க, எல்லாரையும் அழிக்கச் சொல்லிடுங்க, நேர்ல காட்டினா நீங்க பாத்து டிக் அடிச்சுக்கோங்க"னு. சட்டப் பிரிவ விட "உங்கள கேப்பாங்க"ங்கறது சீக்கிரம் வேலை செய்யும், அனுபவத்துல சொல்றேன். ரொம்ப பிடிவாதம் பிடிச்சா மாஸ்க்டு ஆதார் குடுங்க, அதுல முதல் எட்டு எண் மறைஞ்சு கடைசி நாலு மட்டும் தெரியும், மைஆதார்லயே டவுன்லோட் பண்ணிக்கலாம். நீங்க போட்ட போட்டோ, அழிக்கற டைம் தாண்டிடுச்சு, மத்தவங்க போன் கேலரில தானா இறங்கியும் இருக்கும். அத திரும்பப் பிடிக்க முடியாது, அத நினைச்சு தூக்கம் கெடுக்கறதுல அர்த்தம் இல்ல. வெறும் ஆதார் நம்பர மட்டும் வச்சு யாராலயும் உங்க பேங்க்ல கை வைக்க முடியாது, கூட ஓடிபியோ கைரேகையோ வேணும். அந்த ரெண்டையும் பூட்டறதுதான் உங்க கைல இருக்கு.

கேன்சல் பண்ண முடியாது, பூட்டலாம்

பெரியவங்களுக்கு ஆதார ரத்து பண்ற வழி சட்டத்துல இல்ல. சின்ன வயசுல பெத்தவங்க எடுத்துக் குடுத்திருந்தா, 18 வயசு ஆனதுல இருந்து ஆறு மாசத்துக்குள்ள வேண்டாம்னு சொல்லலாம், அவ்வளவுதான். நம்பர் கசிஞ்சிடுச்சுனு புது நம்பரும் தரமாட்டாங்க.

சுப்ரீம் கோர்ட் விஷயத்துல உங்களுக்கு ரெண்டு தீர்ப்பு கலந்துபோச்சு. 2017 ஆகஸ்ட் 24ல ஒன்பது நீதிபதிகள் ஒருமனதா, அந்தரங்கம் அடிப்படை உரிமைனு சொன்னாங்க, புட்டசாமி வழக்கு. ஏன் ஒன்பது பேர்னா, 1954ல எட்டு பேர் சொன்ன ஒரு பழைய தீர்ப்ப காட்டி அப்படி ஒரு உரிமையே கிடையாதுனு அரசு தரப்புல வாதாடினாங்க, அத தாண்ட ஒன்பது பேர் உக்கார வேண்டியதாச்சு. அடுத்த வருஷம் 2018 செப்டம்பர் 26ல அஞ்சு பேர் பெஞ்ச், நாலுக்கு ஒண்ணுனு, ஆதார் செல்லும்னு சொல்லிடுச்சு. மானியத்துக்கும் பான் கார்டோட இணைக்கறதுக்கும் கேக்கலாம், பேங்க் கணக்கோடயும் சிம்மோடயும் கட்டாயம் இணைக்கச் சொல்றதும், ஸ்கூல் அட்மிஷனுக்கு கட்டாயம்ங்கறதும் செல்லாது, தனியார் கம்பெனிங்க கேக்க வழி விட்ட 57ஆவது பிரிவும் அந்த அளவுக்கு செல்லாதுனாங்க. அப்புறம் 2019 திருத்தத்துல, நீங்களா விருப்பப்பட்டு குடுத்தா பேங்க்கும் சிம் கம்பெனியும் வாங்கிக்கலாம்னு கதவு மறுபடி திறந்தாச்சு. ஆக "கேக்கவே கூடாது"ங்கறதும் தப்பு, "குடுத்தே ஆகணும்"ங்கறதும் தப்பு.

பூட்டு ரெண்டு வகை இருக்கு. பயோமெட்ரிக் லாக் போட்டா உங்க கைரேகை, கருவிழி, முகம் எதுவும் எங்கயும் வேலை செய்யாது, தேவைப்படறப்ப கொஞ்ச நேரம் மட்டும் திறந்துட்டு மூடிக்கலாம். ஆதார் லாக் போட்டா அந்த பன்னண்டு இலக்க நம்பரே சரிபார்ப்புக்கு செல்லாது, அதுக்கு பதிலா விஐடினு ஒரு பதினாறு இலக்க நம்பர் எடுத்து குடுக்கணும், அத எப்ப வேணா மாத்திக்கலாம். உங்களுக்கும் வீட்டுக்காரருக்கும் முதல் பூட்ட இன்னிக்கு ராத்திரியே போட்டுடுங்க, அஞ்சு நிமிஷ வேலை. நம்பர் வெளிய போனா விஐடி இருக்கு, கைரேகை வெளிய போனா விரல மாத்த முடியாதே. 2018ல தெலங்கானால ஒருத்தர் பத்திரப்பதிவு ஆவணத்துல இருந்த கைரேகைகள எடுத்து அச்சு செஞ்சு சிம் ஆக்டிவேட் பண்ணி மாட்டினார். நாம சொத்து வாங்கறப்ப எத்தன பக்கத்துல ரேகை வச்சிருக்கோம்னு யோசிச்சுப் பாருங்க.

அம்மாவுக்கு மட்டும் யோசிச்சு செய்யுங்க. பூட்டிட்டா மிஷின்லயும் பணம் வராது, ரேஷன் கடைலயும் ரேகை எடுக்காது. வீட்ல வேற ஆள் ரேஷன் வாங்கப் போறாங்கனா பூட்டிட்டு, பணத்த பேங்க்லயே போய் எடுக்கலாம். அம்மாதான் எல்லாத்துக்கும் போகணும்னா பூட்டாதீங்க, அதுக்கு பதிலா அந்த கணக்குல ஏஇபிஎஸ் மூலமா பணம் எடுக்கறத நிறுத்தி வைக்க முடியுமானு மேனேஜர்கிட்ட கேளுங்க.

வீட்டுக்காரர் சொன்னதுக்கு சட்டத்துல பதில் தேட வேண்டாம். நம்ம வீட்டுக்கு கதவு போட்டிருக்கறது திருடிட்டு வந்த பொருள ஒளிச்சு வைக்கறதுக்கா? அவரோட சம்பள ஸ்லிப்ப அதே குரூப்ல போடச் சொல்லிப் பாருங்க. அதுலயும் தப்பு ஒண்ணும் இல்லையே.

வர்ற சனிக்கிழமை ஊருக்கு போறேன்னு எழுதியிருந்தீங்க. பாஸ்புக்க மறக்காம எடுத்துக்கோங்க. அம்மா ஆதார்லயும் பேங்க்லயும் உங்க நம்பரோ அண்ணனோட புது நம்பரோ குடுக்க வேண்டாம், அம்மா இடுப்புல சொருகி வச்சிருக்கற அந்த பட்டன் போன் நம்பரே இருக்கட்டும். எஸ்எம்எஸ் படிக்கத் தெரியாதுனு தயங்காதீங்க. அடுத்த தடவ விரல் வைக்கறப்ப போன் ரெண்டு வாட்டி டிங்னு அடிச்சா, ஏம்ப்பா ரெண்டு வாட்டி அடிக்குதுனு அந்த ஆள அங்கயே நிறுத்திக் கேக்க அவங்களுக்கு தெரியும்.